கொட்டகையின் பெண் வீட்டுக்காரர்

எங்கள் ஊரில் "சாப்டாச்சா?" என்று யாராவது கேட்டால் "ஆச்சு" என்பதுதான் பதில். சாப்பிட்டிருந்தாலும் அதுதான், பட்டினியாக இருந்தாலும் அதுதான். கேட்பவருக்கும் இது தெரியும். இந்த ஒரு விஷயம் மட்டும் எங்கள் இன்ஸ்பெக்டருக்குப் பிடிபடவே இல்லை. அல்லது பிடிபட்டும் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

திருச்சி விமான நிலையத்தில் விமானங்களைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு வெளியே பலகையில் ஹாங்கர் என்று எழுதியிருக்கும். நாங்கள் எல்லோரும் கொட்டகை என்றுதான் சொல்வோம். காலை முறைக்கு வருகிறவர்களை அவர் அந்தக் கொட்டகையின் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு சார்."

"என்ன சாப்டீங்க?"

"இட்லி சார்."

"தொட்டுக்க?"

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்வார்கள். வெறும் காப்பியோடு ஓடிவந்த ஒருவர் ஒரு நாள் "சட்னி சார்" என்றார். "என்ன சட்னி?" என்று கேட்டதும் திணறி, "இன்னிக்கு அரைச்ச சட்னி சார்" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த பூவன் பழச் சீப்பைக் காட்டி, "ரெண்டு பழம் தின்னுட்டு கேண்டீனுக்குப் போங்க. வயித்துல எதையாவது போட்டுட்டு வந்து எஞ்சினைத் தொடுங்க" என்றார். முசிறிப் பக்கத்திலிருந்து வருகிற பழக்காரரிடம் வாரம் தவறாமல் வாங்கிவைப்பார்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். "ராத்திரி தூங்கினீங்களா?"

பசி என்றால் கேண்டீன், தூக்கம் கெட்டது என்றால் வீடு. இதுதான் அவருடைய சட்டம். இதை யாரும் அவருக்கு எழுதிக்கொடுக்கவில்லை. அவராகவே வைத்துக்கொண்டார்.

கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி வந்து, "சாப்டீங்களா? படுக்க வசதியா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே திரிகிறவர் பெண்ணைப் பெற்றவர்தான். அதனால் மெக்கானிக்குகள் அவருக்குப் பெண் வீட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். "ஏம்ப்பா, பெண் வீட்டுக்காரர் வாசல்ல நிக்கறாரா?" "நிக்கறார், சந்தனம்தான் குடுக்கலை" என்று பேசிக்கொள்வார்கள். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. கோபப்பட்டதாக நினைவில்லை.

அவருடைய உண்மைப் பெயரை எழுதப் போவதில்லை. அவர் இன்ஸ்பெக்டர். மெக்கானிக்குகள் வேலையை முடித்த பிறகு அவர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் விமானம் கிளம்பும். அறுபதுகளின் தொடக்கத்தில், சென்னையில் டிப்ளமா முடித்துவிட்டு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தென்னூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். எந்த விமானத்துக்கு எந்தெந்த வேலை, எந்த வரிசையில் என்று அட்டைகள் தயாரிப்பதும், திரும்பி வந்த அட்டைகளில் விடுபட்டது உண்டா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. கொட்டகையில் நான் ஒருத்திதான் பெண்.

அவரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவை. சட்டைப் பையில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். குனிந்தால் விழும் எதுவும் எஞ்சினுக்குள்தான் விழும் என்பார். பேனாவை மேசையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும், வேலை இல்லாவிட்டாலும் கொட்டகைப் பக்கம் ஒருமுறை வந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நோன்பு மாதத்தில் கொட்டகையிலிருந்த இஸ்லாமிய மெக்கானிக்குக்கு விடியற்காலை வேலையை மட்டும் ஒதுக்குவார். அவர் கேட்காமலேயே இது நடக்கும். மெக்கானிக்குகள் எல்லோரையும் "நீங்க, வாங்க" என்றுதான் பேசுவார். பல்லியைக் கண்டால் பயப்படுவார்.

நான் தயாரித்த முதல் அட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. எதுவும் விட்டுப்போகவில்லை என்று தெரியும்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. எல்லா வேலையும் இருக்கு. செய்யறவன் எங்க?"

"கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கேன் சார்."

"அது வேலை முடிஞ்ச பிறகு. ஆரம்பிக்கறப்ப அவன் எப்படி இருந்தான்?"

"அதை எப்படி சார் அட்டையில எழுதறது?"

"எழுத முடியாது. அதனாலதான் வாசல்ல நின்னு கேக்கறேன்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு விலை இருந்தது. அதை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் தினக்கூலிகள். வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். வையம்பட்டியிலிருந்து வரும் மெக்கானிக் ஒருவர் முதல் தடவை உண்மையைச் சொன்னார். "ராத்திரி நம்ம தண்ணி முறை சார், வயல்ல இருந்தேன்." இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த முறை அதே ஆள் கணுக்காலில் காய்ந்த சேற்றோடு வந்து, "நல்லாத் தூங்கினேன் சார்" என்றார். சேற்றைப் பார்த்த இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே மறுபடி அனுப்பினார். மூன்றாவது தடவை அந்த மனிதர் காலைக் கழுவிவிட்டு வந்தார்.

"நீங்க கேக்கறதாலதான் சார் பொய் சொல்றாங்க" என்றேன்.

"பொய் சொன்னா கண்ணு காட்டிக் குடுத்துடும்மா."

"உண்மை சொன்னவருக்குக் கூலி போச்சு. பொய் சொன்னவருக்குக் கூலி கிடைச்சுது. அடுத்த தடவை உங்க முன்னால நிக்கறவர் இதைத்தானே சார் யோசிப்பார்?"

அன்று மாலையே மேனேஜரிடம் போய், தூக்கம் கெட்டு வருகிறவர்களுக்குக் கூலியோடு வேறு லேசான வேலை கொடுக்க அனுமதி கேட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். "இது என்ன சத்திரமா?" என்று மேனேஜர் கேட்டாராம். திரும்பி வந்தவர் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல வாசலில் நின்றார். கேள்வியை விடவும் அவருக்கு மனமில்லை, கேள்வியைச் சரிசெய்யவும் வழியில்லை. அந்த நாட்களில் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

கோவிந்தராஜனைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர். கோயிலுக்குப் பூத்தொடுக்கும் குடும்பம். கொட்டகையிலேயே திறமையான கை அவருடையதுதான். அவர் கம்பி முறுக்கினால் எல்லா முறுக்கும் ஒரே அளவில் இருக்கும். "கோவிந்தராஜன் லாக்கிங் ஒயர் கட்டினா ஆண்டாள் மாலை மாதிரி" என்று சக மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். இவ்வளவு இருந்தும் பல வருஷங்களாகத் தினக்கூலிதான். அந்த மார்கழியில்தான் நிரந்தரமாக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயர் சென்னைக்குப் போயிருந்தது. உத்தரவு வரும்வரை ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் கேட்டு, கெஞ்சி, ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டார்.

ஏகாதசிக்கு மறுநாள், துவாதசிக் காலையில், வாசலில் நடந்ததை அருகில் நின்றவர்கள் சொல்லித்தான் நான் அறிவேன். நான் ஸ்டோரில் இருந்தேன்.

"பாரணை ஆச்சா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். கிறிஸ்தவரானாலும் திருச்சிக்காரர் அல்லவா, விரதம் முடித்துச் சாப்பிடுவதற்கு என்ன சொல் என்று தெரியும்.

"ஆச்சு சார். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, எல்லாம் ஆச்சு."

"ராத்திரி?"

"தூங்கினேன் சார்."

"முழிக்கலையா?"

"இல்ல சார். இந்த வருஷம் உடம்பு முடியலை. முழிக்கலை."

இன்ஸ்பெக்டர் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, "சரி, போங்க" என்றாராம்.

அன்று கொட்டகையில் நின்றது ஒரு டகோட்டா விமானம். இரண்டு எஞ்சினிலும் எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. பழைய எண்ணெயை அடிவழியாக வடித்துவிட்டு, அந்தத் துளையை ஒரு பிளக்கால் திருகி மூடவேண்டும். எஞ்சின் அதிரும்போது பிளக் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியால் முறுக்கிப் பூட்டவேண்டும். அந்தக் கம்பிதான் லாக்கிங் ஒயர். கம்பி இல்லாவிட்டால் பிளக் தளரும், எண்ணெய் கொட்டிப்போகும், எஞ்சின் ஆகாயத்தில் நின்றுவிடும். கோவிந்தராஜன் வேலையை முடித்துக் கையெழுத்திட்டார். இன்ஸ்பெக்டர் பார்த்துத் தானும் கையெழுத்திட்டார். அட்டை என் மேசைக்கு வந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. முறை முடிந்து கோவிந்தராஜன் வீட்டுக்குக் கிளம்பினார்.

பிற்பகலில் பயணிகள் ஏறினார்கள். முதலில் இடது எஞ்சின் உறுமியது, பிறகு வலது. அந்த நேரத்தில் காவலாளி கத்துகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். கோவிந்தராஜன் ஒரு காலில் மட்டும் செருப்போடு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"நிறுத்துங்க சார்! ரைட்டு! ரைட்டு எஞ்சின்!"

இன்ஸ்பெக்டர் ஏன் என்று கேட்கவில்லை. விமானத்துக்கு முன்னால் ஓடிப்போய், இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக உயர்த்திக்கொண்டு நின்றுவிட்டார். எஞ்சின்கள் அடங்கின. வலது எஞ்சினின் அடியில் பிளக் இருந்தது, கம்பி இல்லை. கையால் திருகிய அளவோடு நின்றிருந்தது. அதைச் சுற்றி எண்ணெய் கசிந்து சொட்டத் தொடங்கியிருந்தது.

பயணிகளை இறக்கி நிழலில் உட்காரவைத்தார்கள். கோவிந்தராஜன் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"பஸ்ல தூங்கிட்டேன் சார். காவேரிப் பாலத்துல கண்டக்டர் தட்டி எழுப்பினார். 'என்னய்யா, தூக்கத்துல பூத்தொடுக்கறே'ன்னார். பார்த்தா என் ரெண்டு கையும் மடியில கம்பி முறுக்கிக்கிட்டிருக்கு. லெஃப்டு முறுக்கினது ஞாபகம் வருது சார். ரைட்டு முறுக்கினது ஞாபகத்துல இல்லவே இல்ல. பாலத்துலயே எறங்கிட்டேன்."

எதிரே வந்த லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் விழித்தது ஒரு ராத்திரி இல்லை. சொர்க்கவாசல் திறப்புக்காக முந்தின ராத்திரியும் வரிசையில் நின்றவர். பூட்ட வேண்டிய கம்பியை எடுக்க எழுந்து போனவர், எதற்கு எழுந்தோம் என்பதை மறந்து கருவிகளைத் துடைக்கத் தொடங்கியிருக்கிறார்.

அன்றே அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளைக்கு மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. அட்டைகளை எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொன்னார்கள். கோவிந்தராஜன் வெளியே வராந்தாவில் நின்றார். அவரை உள்ளே கூப்பிடவில்லை. அவருடைய நிரந்தர வேலை, பழைய கூலி வேலை, இரண்டும் அந்த அறையில்தான் முடிவாக வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. சீக்கிரம் முடிக்க விரும்பினார். "மெக்கானிக் ஒயர் கட்டலை. அவர் பேரை எழுதி நீக்கிட்டா சென்னைக்குப் பதில் சொல்லிடலாம். அவ்வளவுதானே?"

"என் கையெழுத்தும் இருக்கு சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க பார்த்தீங்கதானே?"

"லெஃப்டைக் கையால தடவிப் பார்த்தேன். முறுக்கு அழகா இருந்துச்சு. ரைட்டைக் கோவிந்தராஜன் பேரை வச்சுப் பார்த்தேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை நீங்க சொல்லாம இருக்கலாமே."

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். காலையில அவர் முழிக்கலைன்னு சொன்னப்ப எனக்கு நம்பிக்கை வரலை. இன்னொரு தடவை கேட்டிருக்கணும். கேக்கலை. ஒரு கிறிஸ்தவன் நின்னு அவரோட விரதத்தைச் சோதிக்கற மாதிரி ஆயிடும்னு கூச்சமா இருந்துச்சு. மத்த நாள்ல சட்னி வரைக்கும் கேக்கறவன் நான்."

"அப்ப அவர் பொய் வேற சொல்லியிருக்கார்."

"பொய்தான். உண்மை சொன்னா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இன்னொரு நாள் தவறியிருக்கும். பட்டியல்லேருந்து பேர் போயிருக்கும். இந்த அம்மா எனக்கு முன்னாடியே சொன்னாங்க, நான்தான் கண்ணைப் பார்த்தாப் போதும்னு நெனச்சுட்டேன்."

என்னைக் காட்டியதும் மேனேஜர் ஒருமுறை என் பக்கம் திரும்பினார். நான் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கட்டும் சார்" என்றார் மேனேஜர், கொஞ்சம் சலிப்போடு. "விமானத்துல அத்தனை பேர் இருந்தாங்க. யாரையாவது நீக்கித்தானே ஆகணும்?"

"அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தது யாரால? அவர் பாலத்துல எறங்கினதால. ஸ்ரீரங்கம் போய்ப் படுத்துத் தூங்கியிருந்தா யாருக்குத் தெரியும்? திரும்பி வந்தா வேலை போயிடும்னு தெரிஞ்சுதான் வந்தார். இப்ப நீங்க அவரை நீக்கிடுங்க. கொட்டகையில மிச்சம் இருக்கறவங்க எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க. அடுத்த தடவை எவனுக்காவது பஸ்ல ஞாபகம் வந்தா, சத்தியமாச் சொல்றேன், அவன் எறங்க மாட்டான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. மேனேஜர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வராந்தாவில் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பாமலே சொன்னார்.

"அப்ப உங்க பேர்லதான் எழுதணும். கையெழுத்து அதிகாரம் போயிடும். இந்த ஊர்லயும் இருக்க முடியாது."

"எழுதிக்குங்க சார்."

அப்படித்தான் ஆயிற்று. கோவிந்தராஜனின் பெயரைப் பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை. பங்குனிக்குள் உத்தரவு வந்துவிட்டது. அதற்கு முன்பே இன்ஸ்பெக்டரை வடக்கே ஏதோ ஒரு நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் போன பிறகு மேனேஜர் ஒரு காரியம் செய்தார். திருவிழாவுக்கு மறுநாள் தூக்கம் கெட்டு வருகிறவர்கள் சொன்னால் போதும், அன்று எஞ்சின் பக்கம் போகாமல் ஸ்டோரைத் துடைத்து அடுக்கலாம், கூலி உண்டு என்றார். சத்திரம் என்று அவர் சொன்னதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. வையம்பட்டிக்காரர்தான் முதலில் வந்து, "ராத்திரி தண்ணி முறை சார்" என்று கூசாமல் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் பிறகு கடிதம் எழுதவில்லை. அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அவரை நினைக்கும்போது, அவர் வாசலில் நின்று கேட்டதைவிட, அன்று மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தபோது வராந்தாவில் நடந்ததுதான் முதலில் வருகிறது.

கோவிந்தராஜன் தூணில் சாய்ந்து நின்றார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலை முறைக்கு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

கோவிந்தராஜனுக்கு முதலில் புரியவில்லை. "நாளைக்கா சார்?"

"நாளைக்குத்தான்."

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. துண்டின் முனையை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"வேலை போனாலும் பரவாயில்லைன்னு நெனச்சுத்தான் சார் நின்னேன். வேற ஒண்ணுதான் மனசை அரிக்குது. ரெண்டு ராத்திரி முழிச்சு, பெருமாளைச் சேவிச்சு, வாசலைத் தாண்டிட்டு நேரா உங்ககிட்ட வந்து முழிக்கலைன்னு சொல்லிட்டேன். கூலிக்காக. இனிமே எந்த முகத்தோட சார் கோயிலுக்குப் போவேன்?"

இன்ஸ்பெக்டர் வராந்தாக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தார், பக்கத்தில் உட்காரும்படி கோவிந்தராஜனுக்கும் கை காட்டினார்.

"எங்க கோயில்ல ஒரு பெரியவர் சிலை இருக்கு. கையில சாவியோட நிப்பார், பார்த்திருக்கீங்களா?"

"வெளியில இருந்து பார்த்திருக்கேன் சார்."

"அவரும் ஒரு ராத்திரி, எங்க சாமியை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொன்னவர்தான். பயத்துல. அதுவும் ஒரு தடவை இல்ல, மூணு தடவை."

கோவிந்தராஜன் துண்டை முறுக்குவதை நிறுத்திவிட்டார். "அப்புறம் வேலையை விட்டு எடுத்துட்டாங்களா சார்?"

"எங்க எடுத்தாங்க? சொர்க்கத்து வாசலுக்கே அவர்தானே காவல்! பர்மனென்ட்டு."

கோவிந்தராஜன் சிரிக்கத்தான் தொடங்கினார். அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் அவரைத் தேற்றவில்லை. ரன்வேயின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது அடங்கும்வரை எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.